செமஸ்டர் எக்ஸ்சேஞ்சா, 12 நாள் பயணமா, 2+2-வா? மகளை எதில் அனுப்பலாம்?

உங்கள் மகள் பி.இ. இரண்டாம் ஆண்டு முடிக்கப்போகிறாள். கல்லூரியில் ஒரே மாதத்தில் மூன்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. ஐரோப்பாவில் ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்ச், சிங்கப்பூர்-மலேசியாவுக்கு 12 நாள் ‘குளோபல் இம்மர்ஷன்’, அப்புறம் இங்கே இரண்டு வருடம், வெளிநாட்டில் இரண்டு வருடம் என்று ஒரு 2+2 திட்டம். மூன்றும் ஒன்றுதானா, எதற்குப் பணம் கட்டலாம், இவ்வளவு செலவில்லாமல் வேறு வழி உண்டா என்பதுதான் நீங்கள் கேட்டது. ஒரு பொறியியல் கல்லூரியில் வகுப்பெடுத்துக்கொண்டே பல வருடம் வெளிநாட்டுக் கல்லூரித் தொடர்பு வேலையையும் சேர்த்துப் பார்த்தவன் நான். பிள்ளைகளை அனுப்பியும் இருக்கிறேன், சிலரைப் போக வேண்டாம் என்று தடுத்தும் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எந்த நாடு என்று பார்ப்பதற்கு முன்னால் இரண்டு விஷயத்தைக் கேட்டுவிடுங்கள். அங்கே படிப்பதற்கு மார்க் போடுவது யார், அந்த மார்க் இங்கே அவளுடைய மார்க் ஷீட்டில் ஏறுமா? அங்கத்திய டியூஷன் ஃபீஸை யார் கட்டுகிறார்கள்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால், சுற்றறிக்கையில் என்ன பெயர் போட்டிருந்தாலும் அது எந்த வகை என்று உங்களுக்கே விளங்கிவிடும்.

முதலில் செமஸ்டர் எக்ஸ்சேஞ்ச். உண்மையான எக்ஸ்சேஞ்ச் என்றால் இரண்டு கல்லூரிக்கும் இடையே ஒப்பந்தம் இருக்கும், அவர்கள் பிள்ளை இங்கே வருவான், நம் பிள்ளை அங்கே போவாள், ஃபீஸை அவரவர் சொந்தக் கல்லூரியில்தான் கட்டுவார்கள். அங்கே டியூஷன் கிடையாது. விமான டிக்கெட், விசா, இன்ஷூரன்ஸ், வாடகை, சாப்பாடு இவைதான் உங்கள் செலவு. இதே பெயரில் இன்னொன்றும் நடக்கிறது. ‘விசிட்டிங் ஸ்டூடன்ட்’ என்றோ ‘ஸ்டடி அப்ராட் செமஸ்டர்’ என்றோ சொல்வார்கள், அதில் அங்கத்திய டியூஷனை முழுதாக நீங்கள் கட்ட வேண்டும், சில இடங்களில் இங்கே உள்ள ஃபீஸும் சேர்ந்து வரும். படிப்பு ஒன்றுதான், அதே வகுப்பு, அதே பேராசிரியர், ஆனால் செலவு பல லட்சம் கூடிவிடும். சுற்றறிக்கையில் ‘டியூஷன் வெய்வர்’, அதாவது அங்கத்திய டியூஷன் ஃபீஸ் தள்ளுபடி, என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாய்மொழியாகச் சொல்வதை நம்பாமல் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஐரோப்பா என்றால் இன்னொன்றையும் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் என்ற மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ‘இன்டர்நேஷனல் கிரெடிட் மொபிலிட்டி’ என்று ஒரு பிரிவு இருக்கிறது. உங்கள் கல்லூரி அதில் சேர்ந்திருந்தால், அங்கே போகும் மாணவருக்கு நாட்டைப் பொறுத்து மாதம் சுமார் 800 முதல் 900 யூரோ வரையும் பயணச் செலவுக்குத் தனியாக ஒரு தொகையும் கிடைக்கும். தனி ஆளாக விண்ணப்பிக்க முடியாது, கல்லூரி வழியாகத்தான் வர வேண்டும். இந்தப் பணம் இருக்கிறதா என்பதே பல வீடுகளில் முடிவைத் தீர்மானிக்கிறது.

இப்போது மார்க் விவகாரம். பெற்றோர் யாரும் இதைக் கேட்பதில்லை, பிள்ளைகள் மாட்டுவதும் இதில்தான். ஒரு பாடத்துக்கு எவ்வளவு வேலை என்பதைக் கணக்கிடும் புள்ளிதான் கிரெடிட். ஐரோப்பாவின் பொது முறையான ஈ.சி.டி.எஸ்.படி ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட், நம் ஊரில் 20, 22 என்ற அளவில் இருக்கும். இரண்டுமே ஒரு முழு செமஸ்டர் வேலைதான், கணக்கிடும் முறை வேறு, அது பெரிய சிக்கலில்லை. அங்கே படித்த பாடம் இங்கே எந்தப் பாடத்துக்குச் சமம் என்று யார் கையெழுத்துப் போடுவது என்பதுதான் சிக்கல். தன்னாட்சிக் கல்லூரி என்றால் அவர்களுடைய பாடத்திட்டக் குழுவான போர்டு ஆஃப் ஸ்டடீஸிலேயே முடித்துவிடலாம். பல்கலைக்கழகத்தின் கீழ் இணைந்த கல்லூரி என்றால் பிரின்சிபால் மனது வைத்தால்கூடப் போதாது, பல்கலைக்கழகத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம்.

எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கல் மாணவி ஐந்தாவது செமஸ்டருக்கு வெளியே போய் வந்தாள். நல்ல படிப்பாளி, அங்கேயும் எல்லாப் பாடத்திலும் பாஸ். திரும்பி வந்து டிரான்ஸ்கிரிப்டைக் கொடுத்தால், நான்கு பாடத்தை ஏற்றுக்கொண்டார்கள், ‘டைனமிக்ஸ் ஆஃப் மெஷினரி’க்குச் சமமாக அங்கே எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். போவதற்கு முன்னால் எச்.ஓ.டி. “பார்த்துக்கலாம்மா” என்று சொன்னதோடு சரி, தாளில் எதுவும் இல்லை. கடைசியில் ஜூனியர்களோடு உட்கார்ந்து அந்தப் பேப்பரை எழுதினாள். ரிசல்ட் வருகிறவரை அவள் கணக்கில் அது அரியராகவே நின்றது, அந்த நேரத்தில் பிளேஸ்மென்டுக்கு வந்த இரண்டு கம்பெனி அரியர் இருந்தால் எடுப்பதில்லை என்ற விதி வைத்திருந்ததால் அவள் பெயரே பட்டியலில் ஏறவில்லை. அந்தப் பெண் என் அறைக்கு வந்து அந்த டிரான்ஸ்கிரிப்டை மேசைமேல் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றது இன்னும் எனக்கு மறக்கவில்லை. பாடம் பாடமாகப் பொருத்தி ஒரே ஒரு தாள் போட்டிருந்தால் இது நடந்திருக்காது.

அந்தத் தாளுக்கு ஐரோப்பாவில் ‘லேர்னிங் அக்ரிமென்ட்’ என்று பெயர். மாணவர், அனுப்பும் கல்லூரி, வரவேற்கும் கல்லூரி மூவரும் புறப்படுவதற்கு முன்பே கையெழுத்திட வேண்டும். அங்கே போன பிறகு ஒரு பாடம் நடக்கவில்லை, நேரம் மோதுகிறது என்று மாற்ற வேண்டி வந்தால் அந்த மாற்றத்துக்கும் மூன்று கையெழுத்து. உங்கள் கல்லூரி இதைக் கேட்காவிட்டாலும் நீங்கள் கேட்டு வாங்குங்கள். பொருந்தாத பாடம் ஒன்றிரண்டு இருந்தால் அதை ஸ்வயம், என்.பி.டி.இ.எல். என்ற அரசின் இணையவழிப் பாடங்கள் வழியாக எடுக்க முடியுமா என்றும் இப்போதே கேட்டு வையுங்கள். ஸ்வயம் பாடங்களிலிருந்து 40 விழுக்காடு வரை கிரெடிட் எடுத்துக்கொள்ள பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2021 விதி இடம் தருகிறது, ஆனால் கல்லூரி தன் விதிமுறையில் எவ்வளவு அனுமதித்திருக்கிறது என்பதுதான் உங்களுக்கு முக்கியம்.

மார்க்கை மாற்றி எழுதுவதிலும் கவனம் வேண்டும். ஜெர்மனியில் 1.0 என்பதுதான் முதல்தரம், 4.0 என்பது பாஸாவதற்கான கடைசி வரம்பு. 1.3 வாங்கி வந்த ஒரு பையனின் தாளைப் பார்த்துவிட்டு, தேர்வுப் பிரிவில் இருந்தவர் “இவ்வளவுதான் வாங்கினானா?” என்று உண்மையிலேயே வருத்தப்பட்டார். மதிப்பெண் மாற்றும் முறை என்ன என்பதையும் போகும் முன்பே எழுதி வாங்கிவிட்டால் பிறகு யாருக்கும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

காலண்டர் பொருந்துகிறதா என்பது அடுத்தது. நமக்கு ஜூலை, ஆகஸ்டில் தொடங்கி டிசம்பருக்குள் ஒரு செமஸ்டர், ஜனவரியிலிருந்து மே வரை இன்னொன்று. சிங்கப்பூரில் ஆகஸ்ட் முதல் டிசம்பர் தொடக்கம், ஜனவரி முதல் மே தொடக்கம் என்று கிட்டத்தட்ட நம்மோடு ஒட்டியே போகும். ஸ்வீடனில் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி ஜனவரி நடுவில் முடியும், சமாளித்துவிடலாம். ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் அக்டோபரில்தான் தொடங்கும், தேர்வு பிப்ரவரியில், சில இடங்களில் அதற்கும் பின்னால். அதாவது அவள் இங்கே திரும்புவதற்குள் அடுத்த செமஸ்டரின் முதல் இன்டர்னல் முடிந்திருக்கும், அட்டென்டன்ஸும் போயிருக்கும். இதற்குக் கல்லூரி என்ன ஏற்பாடு செய்கிறது என்று கேளுங்கள், முன்பே போய் வந்த பிள்ளை யாராவது இருந்தால் அவளிடம் கேட்பது இன்னும் நல்லது. எந்த செமஸ்டரில் போவது என்று கேட்டால், ஐந்து அல்லது ஆறு என்பேன். ஏழாவது செமஸ்டரில் போனால் கேம்பஸ் பிளேஸ்மென்டின் முக்கால்வாசி இங்கே நடந்து முடிந்துவிடும்.

அந்த 12 நாள் பயணத்துக்கு வருவோம். நம் பிள்ளைகள் ஐ.வி. என்று சொல்கிற இன்டஸ்ட்ரியல் விசிட்டின் வெளிநாட்டு வடிவம்தான் அது. இரண்டு பல்கலைக்கழகத்தில் அரை நாள் சொற்பொழிவு, ஒரு தொழிற்சாலை, மீதி நாள் ஊர் சுற்றல், கடைசியில் ‘கலந்துகொண்டார்’ என்று ஒரு சான்றிதழ். கிரெடிட் கிடையாது. உங்களிடம் பணம் இருந்து, பிள்ளை உலகம் பார்க்கட்டும் என்று நினைத்தால் தாராளமாக அனுப்புங்கள், தோழிகளோடு போய் வருவது அவளுக்கு ஆயுளுக்கும் நிற்கிற நினைவாக இருக்கும். மேல்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது உதவும் என்று யாராவது சொன்னால் அதற்காகக் கடன் வாங்காதீர்கள். நான் பார்த்த எந்தத் தேர்வுக் குழுவும் அந்தச் சான்றிதழைத் திரும்பிப் பார்த்ததில்லை. ஒரு விதிவிலக்கு உண்டு. சொந்தக் கல்லூரி ஆசிரியரே கூடப் போய், மூன்று நான்கு வாரம் ஒரே ஊரில் தங்கி, ஒரே பாடத்தைக் களத்தில் நடத்தி, இங்கே கிரெடிட்டும் கொடுக்கிற குறுகிய காலப் படிப்பு. கட்டடக்கலை, சமூகப்பணி மாதிரித் துறைகளில் இது உண்மையிலேயே பயனுள்ளது. நம் ஊரில் குறைவு, இருந்தால் விடாதீர்கள்.

2+2 பற்றி நிதானமாக யோசியுங்கள். இது வெளியே போய்ப் படித்துவிட்டுத் திரும்பி வருகிற வகையே இல்லை, கல்லூரி மாறுவதற்குப் பக்கத்தில் வருகிறது. வெளிநாட்டுக் கல்லூரிகளோடு சேர்ந்து பட்டம் தருவதற்கு யு.ஜி.சி. 2022-ல் விதிமுறை கொண்டுவந்தது. அதில் மூன்று வகை. ட்வின்னிங் என்றால் பட்டம் இந்தியக் கல்லூரியுடையது, வெளிநாட்டில் எடுக்கும் கிரெடிட் மொத்தத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. ஜாயின்ட் டிகிரி என்றால் இரண்டு கல்லூரியிலும் குறைந்தது 30 விழுக்காடு வீதம் படித்து, இருவர் முத்திரையும் உள்ள ஒரே பட்டம். டூயல் டிகிரி என்றால் ஒரே பாடத்தில் இருவரும் தனித்தனியாகத் தரும் இரண்டு பட்டம், அதில் 30 விழுக்காடாவது இந்தியக் கல்லூரியில் எடுத்திருக்க வேண்டும். இதையெல்லாம் நடத்துவதற்கு இந்தியக் கல்லூரிக்கு, கல்லூரிகளின் தரத்தைப் பார்க்கும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் குறைந்தது 3.01, அல்லது மத்திய அரசின் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப். பட்டியலில் முதல் 100-ல் இடம் என்பது மாதிரித் தகுதி வேண்டும். வெளிநாட்டுக் கல்லூரி க்யூ.எஸ். அல்லது டைம்ஸ் உயர்கல்வித் தரவரிசையில் முதல் 1000-க்குள் இருக்க வேண்டும்.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். நான்கு வருட பி.இ.க்கு சுமார் 160 கிரெடிட் என்றால் அதில் 30 விழுக்காடு 48, இரண்டு செமஸ்டருக்குச் சற்றுக் கூட. இரண்டு வருடம் வெளியே என்றால் பாதிப் படிப்பு, ஆக 2+2 என்பது இந்த விதியின் கீழ் ட்வின்னிங் ஆகாது. ஜாயின்ட், டூயல் என்று முறையாக நடத்தினால் சரி, இல்லாவிட்டால் இங்கே இரண்டு வருடம் படித்த கிரெடிட்டை எடுத்துக்கொண்டு அங்கே மூன்றாம் ஆண்டில் சேர்வதுதான் அது. அங்கத்திய பட்டம் மட்டுமே வரும், இந்தியப் பட்டம் வராது. அதிலும் தவறொன்றும் இல்லை, தெரிந்தே போனால். தெரியாமல் போகக்கூடாது. பட்டத்தில் யார் பெயர் இருக்கும், இரண்டாம் ஆண்டு முடிவில் விசா கிடைக்கவில்லை என்றாலோ வீட்டில் பணம் புரளவில்லை என்றாலோ இங்கேயே மூன்றாம் ஆண்டைத் தொடரலாமா, இந்த இரண்டுக்கும் கல்லூரியின் லெட்டர்ஹெட்டில் பதில் கிடைக்கும்வரை முன்பணம் கட்டாதீர்கள்.

சுற்றறிக்கையில் வராத ஒரு வகையைத்தான் உங்கள் மகளுக்கு நான் முதலில் சொல்வேன். கோடை விடுமுறை ஆராய்ச்சிப் பயிற்சி. இரண்டு மூன்று மாதம் வேறொரு நிறுவனத்தின் ஆய்வகத்தில் வேலை, செமஸ்டர் கெடாது, அரியர் பயமில்லை, பெரும்பாலும் அவர்களே உதவித்தொகை தருவார்கள். கல்லூரிக்கு இதில் ஒரு பைசா வருமானம் இல்லாததால் யாரும் மேடை போட்டுச் சொல்வதில்லை.

உள்நாட்டிலேயே ஆரம்பிக்கலாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் என்றாலே எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதே ஊரில் உள்ள இந்திய அறிவியல் அகாடமி டெல்லி, பிரயாக்ராஜ் அகாடமிகளோடு சேர்ந்து நடத்தும் கோடைகால ஆராய்ச்சி ஃபெல்லோஷிப் பலருக்குத் தெரிவதில்லை. இரண்டு மாதம், நாட்டின் எந்த மூலையில் உள்ள ஆய்வகத்திலும் இடம் கிடைக்கலாம். விண்ணப்பத்தோடு என்ன செய்ய ஆசை என்று ஒரு சின்னக் குறிப்பும் ஓர் ஆசிரியரின் பரிந்துரையும் வேண்டும். மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு ஐ.ஐ.டி. மெட்ராஸே கோடை ஃபெல்லோஷிப் நடத்துகிறது, மே முதல் ஜூலைக்குள் இரண்டு மாதம், மற்ற கல்லூரிப் பிள்ளைகளுக்கென்றே. தரமணியில் கணித அறிவியல் நிறுவனம், மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம், பெங்களூரில் ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையம் என்று இந்த வரிசை நீளும். திண்டுக்கல் பக்கத்துப் பெண் ஒருத்தி முதல் தடவையாக மாநிலத்தைத் தாண்டி புணேவில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தாள். ஹாஸ்டல் மெஸ்ஸில் இந்தி, ஆய்வகத்தில் ஆங்கிலம், அறைத்தோழி அசாம்காரி. போகும்போது செமினாரில் வாய் திறக்காத பெண், வந்த பிறகு என்னுடைய வகுப்பிலேயே “சார், அந்த கிராஃபில் எரர் பார் இல்லையே” என்று கேட்டாள். எனக்கு அன்று அவ்வளவு சந்தோஷம்.

வெளிநாட்டிலும் இந்த மாதிரி இருக்கிறது. கனடாவின் மிட்டாக்ஸ் குளோபலிங்க் 12 வாரம், பேராசிரியர்கள் போட்டிருக்கும் ஆய்வுத் தலைப்புகளிலிருந்து மாணவரே தேர்ந்தெடுத்து விண்ணப்பிக்க வேண்டும், அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பம் இந்த செப்டம்பர் வாக்கிலேயே மூடிவிடும். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி. நடத்தும் வைஸ் என்ற பயிற்சித் திட்டத்தில் முதலில் அங்குள்ள பேராசிரியரிடமிருந்து அழைப்புக் கடிதம் வாங்க வேண்டும், எந்தெந்தக் கல்லூரி மாணவர்களுக்குத் தகுதி என்பது அறிவிப்புக்கு அறிவிப்பு மாறும். ஜப்பானில் ஒகினாவா அறிவியல் தொழில்நுட்பக் கழகமும் சவூதியில் கிங் அப்துல்லா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் (KAUST) தங்குமிடம், விமான டிக்கெட், மாதச் செலவுக்குப் பணம் மூன்றையும் அவர்களே பார்த்துக்கொள்கிற பயிற்சிகளை நடத்துகின்றன. போட்டி அதிகம்தான். அதனால்தான் உள்நாட்டில் ஒரு கோடையை முடித்துவிட்டு அடுத்த வருடம் இதற்குப் போவது நல்லது, பரிந்துரைக் கடிதம் எழுத அப்போது கல்லூரிக்கு வெளியே ஓர் ஆள் இருப்பார்.

அழைப்புக் கடிதம் கேட்டு மெயில் அனுப்புவதைப் பற்றி ஒரு வார்த்தை. சாயப்பட்டறைக் கழிவுநீரைப் பற்றி புராஜெக்ட் செய்துகொண்டிருந்த ஒரு மாணவன் ஒரே மெயிலை ஐம்பது அறுபது பேருக்கு அனுப்பியிருந்தான், “தங்கள் மகத்தான ஆராய்ச்சியால் கவரப்பட்டேன்” என்ற ரகம், ஒரு பதிலும் இல்லை. அப்புறம், தண்ணீரை வடிகட்டும் சவ்வைப் பற்றி ஒரே ஒரு பேராசிரியர் எழுதிய கட்டுரையை உட்கார்ந்து படிக்கச் சொன்னேன். நான்கே வரி எழுதினான்: நொய்யல் தண்ணீரில் உப்பு இவ்வளவு இருக்கிறது, உங்கள் சவ்வு இந்த அளவு உப்பில் எத்தனை நாள் தாங்கும், எங்கள் மாதிரிகளை வைத்துச் சோதிக்க முடியுமா. மூன்றாம் நாள் பதில் வந்தது. அவன் கையில் இருந்த ஊர்ச் சரக்கு அங்கே யாரிடமும் இல்லாதது, அதுதான் வேலை செய்தது.

வெளியூர் போய் ஒரு செமஸ்டர் படிப்பது என்பது நமக்குப் புதிதாகத் தெரிகிறது, ஆனால் நம் ஊர் இதை எதிர்ப்பக்கத்திலிருந்து நெடுநாளாகப் பார்த்திருக்கிறது. அமெரிக்காவில் டெலவேர் பல்கலைக்கழகம் 1923-ல் எட்டு மாணவர்களைப் பிரான்சுக்கு அனுப்பியதிலிருந்து அங்கே இந்தப் பழக்கம் வளர்ந்தது. பிறகு அமெரிக்கக் கல்லூரிகள் சில சேர்ந்து ‘சவுத் இந்தியா டெர்ம் அப்ராட்’ என்று மதுரையிலேயே ஒன்றை நடத்தின. அந்தப் பிள்ளைகள் மதுரைக் குடும்பங்களோடு தங்கித் தமிழ் படித்தார்கள், வீட்டுக்காரர்களோடு ஒன்றாகச் சாப்பிட்டார்கள், ஊரை ஆராய்ந்து கட்டுரை எழுதினார்கள். விடுதியில் தங்காமல் ஒரு வீட்டில் தங்குவதை அவர்கள் படிப்பின் பகுதியாகவே வைத்திருந்தார்கள். உங்கள் மகள் எங்கே போனாலும், உள்ளூர்க் குடும்பத்தோடு தங்க வாய்ப்பிருந்தால் அதையும் யோசியுங்கள். நம் பிள்ளைகள் நால்வராகச் சேர்ந்து வீடெடுத்து ரசம் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, அந்த ஊர்க்காரர் ஒருவரோடும் பழகாமலே திரும்பி வருவதையும் பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

மத்திய அரசின் யுவ சங்கம் மாதிரி ஒரு வாரம் வேறு மாநிலம் போய் வரும் திட்டங்களும் 2023 முதல் நடக்கின்றன. கிடைத்தால் போகட்டும், இதிலெல்லாம் தீர யோசிக்க ஒன்றுமில்லை.

செலவுக் கணக்கில் விசாவை மறக்காதீர்கள். ஐரோப்பாவில் ஷெங்கன் விசாவில் 180 நாளில் 90 நாள்தான் இருக்க முடியும், முழு செமஸ்டருக்கு அந்தந்த நாட்டின் நீண்டகால விசா வேண்டும். ஜெர்மனிக்கு, உதவித்தொகைக் கடிதம் இல்லையென்றால், முடக்கப்பட்ட கணக்கில், அதாவது மாதம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று பூட்டிவைத்த வங்கிக் கணக்கில், மாதத்துக்கு 992 யூரோ வீதம் காட்ட வேண்டும் (2024 செப்டம்பர் முதல் இந்த அளவு). அது அவளே மாதாமாதம் எடுத்துச் செலவழிக்கும் பணம்தான், ஆனால் புறப்படும் முன் மொத்தமாகப் புரட்ட வேண்டும். பாஸ்போர்ட் இல்லையென்றால் இன்றே விண்ணப்பியுங்கள்.

ஆக, உங்கள் மகளுக்கு: 12 நாள் பயணத்தை விடுங்கள், 2+2-க்கு அவசரப்படாதீர்கள். வருகிற நவம்பர், டிசம்பரில் உள்நாட்டுக் கோடைப் பயிற்சிகளுக்கு விண்ணப்பிக்கட்டும். எக்ஸ்சேஞ்ச் உண்மையான டியூஷன் வெய்வரோடு இருந்தால், ஆறாவது செமஸ்டருக்குக் கேட்டுப் பாருங்கள். கல்லூரிக்குப் போகும்போது ஒப்பந்தத்தின் நகலைக் காட்டச் சொல்லுங்கள், முடியும் தேதி கடந்திருக்கிறதா, இதுவரை அந்த ஒப்பந்தத்தில் எத்தனை பேர் போய் வந்தார்கள் என்று கேளுங்கள். இரண்டு கல்லூரியின் பாடத்திட்டத்தையும் இப்போதே பதிவிறக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அடுத்த வருடம் இணையதளத்தில் அது மாறிவிடும், பாடத்தைப் பொருத்திப் பார்க்கும் நாளில் அவள் படித்த ஆண்டின் பிரதிதான் கையில் இருக்க வேண்டும்.